இரணைமாதா நகர்க் குறிப்புகள்

2018 பெப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். பூசை முடிந்ததும் நெற்றிச் சாம்பலோடு கொட்டகைக்கு நடந்தோம். கொட்டகையின் கிழக்குப் பக்கக் கிடுகு பிய்ந்துவிட்டது. வெயில் நேரே பாய்க்கு வருகிறது.

எங்கள் ஊரான இரணைதீவில் கடற்படை முகாம் இருக்கிறது. ஊருக்குத் திரும்ப விடச் சொல்லி இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, மே 1 வந்தால் வருடம் ஆகிவிடும். பிலக்குடியிருப்புச் சனம் ஒரு மாதம் இருந்து விமானப்படையிடம் காணியை மீட்டுக்கொண்டார்கள். முள்ளிக்குளத்துக்குக் கோயிலும் நூறு ஏக்கர் விடுவிப்போம் என்ற அறிவிப்பும் கிடைத்தன. எங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அம்மாவின் இருமல் குறையவில்லை.

பெப்ரவரி 20, செவ்வாய்

கிளிநொச்சிக்குப் போனேன். கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உட்கார்ந்து இன்றோடு ஒரு வருடம். தம்பியின் படத்தை எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடிச் சட்டத்தில் விரிசல். பஸ்ஸில் யாரோ பையை மிதித்திருக்க வேண்டும்.

அவனை 2008 இல் புலிகள் இயக்கம் கொண்டுபோனது. அதன் பிறகு அவனை யாரிடம் கேட்பது என்பதே தெரியாமல் போனது. என் பக்கத்தில் இருந்த வேறொரு தாய் தன் மகனை இராணுவத்தின் கையில் ஒப்படைத்தவர். அவருடைய கண்களில் கேள்விக்கு ஒரு முகவரி இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. துப்பாக்கி எந்தப் பக்கத்துடையது என்று பார்த்து நான் அதை வெறுக்கவில்லை.

பெப்ரவரி 21

தூக்கமில்லை. காற்று.

மார்ச் 4, ஞாயிறு

அம்மா மறுபடியும் செவலைப் பசுவைப் பற்றிக் கேட்டார். 92 இல் வள்ளத்தில் இடமில்லை என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்த பசு. அது செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்று சொன்னால் கோபிக்கிறார். அதன் கன்றுகளின் கன்றுகள் இருக்கும் என்கிறார். தொழிலுக்குப் போய் வருகிறவர்களும் தீவில் மாடுகள் காட்டு மாடுகளாகத் திரிகின்றன என்றுதான் சொல்கிறார்கள். தீவைச் சுற்றி வலை போடலாம், கடலட்டை பிடிக்கலாம், ஆனால் கரையில் இரவு தங்கக் கூடாது. மாடுகளுக்கு அந்தத் தடை இல்லை.

மார்ச் 16, வெள்ளி

சிலுவைப் பாதை. இந்த முறை பதினான்கு நிலைகளையும் கடற்கரை நெடுக வைத்தோம். பன்னிரண்டாம் நிலையில் முழந்தாளிட்டபோது ஈர மணல். எதிரே தீவு ஒரு கோடாகத் தெரிந்தது.

மூத்தவன் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசலில் உட்கார்ந்திருந்தான். செபம் செய்தால் முகாம் பெயருமா என்று கேட்டான். பெயராது என்றேன். பிறகு ஏன் என்றான். அடுப்பு வேலை இருந்தது, பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இரவு முழுவதும் கூடவே கிடந்தது.

மார்ச் 17, சனி

மூத்தவனுக்குப் பத்தொன்பது. தம்பியைக் கொண்டுபோனபோது அவனுக்கும் அதே வயது. இவனும் கோபம் வந்தால் தம்பியைப் போலவே கீழுதட்டைக் கடிக்கிறான். நேற்று அவனும் இன்னும் நாலைந்து பையன்களும் மதகில் இருந்து பேசியதாகச் சங்கத்துச் செயலாளர் சொன்னார். சும்மா உட்கார்ந்து என்ன கண்டோம் என்ற பேச்சு. ஒரு கல் போதும். ஒரே ஒரு கல் விழுந்தால் இத்தனை மாதம் உட்கார்ந்த கிழவிகள் எல்லோரும் கலகக்காரர் ஆகிவிடுவார்கள். அடுத்த நாள் பத்திரிகையில் எங்கள் காணி இருக்காது, அந்தக் கல்தான் இருக்கும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? பயத்தினால் சொல்கிறேன் என்று நினைப்பான். பயமும்தான். ஆனால் பயம் மட்டும் என்றால் நான் கொட்டகைக்கே போயிருக்க மாட்டேன்.

மார்ச் 25

குருத்தோலை ஞாயிறு. ஓலைச் சிலுவை பின்னினேன். ஒன்று மூத்தவனின் சட்டைப் பையில் வைத்தேன். எடுத்துப் போடவில்லை.

மார்ச் 30, பெரிய வெள்ளி

யோவானின் பாடுகளை வாசித்தார்கள். கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் வேலைக்காரனுடைய காதை வெட்டுகிறார். வெட்டுப்பட்டவனின் பெயர் மால்கு. எத்தனை வருடமாகக் கேட்கும் வாசகம், இன்றுதான் அந்த மனிதனை நினைத்தேன். அவன் தலைமைக் குரு அல்ல, ஆளுநர் அல்ல. சம்பளத்துக்கு நிற்கிறவன். வாளை உறையில் போடு என்று ஆண்டவர் சொன்னபோது காப்பாற்றப்பட்டவன் அந்த மால்குதான்.

முகாம் வாசலில் நிற்கும் பையன்களில் சிலர் எங்கள் மாதாவைக் கண்டால் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகளாக இருக்கலாம். அவர்களுடைய தகப்பன்மாரும் வலை இழுக்கிறவர்களாக இருக்கலாம். நான் அவர்களை வெறுக்கவில்லை. அதே நேரம், அவன் சிலுவை போடுவதால் எங்கள் காணியில் இருக்கும் முகாம் நியாயமாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்க வேண்டும். ஒன்றை விட்டால் நான் மூத்தவனின் மதகுக்குப் போய்விடுவேன், மற்றதை விட்டால் வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பேன்.

இதைத்தான் அவனிடம் சொல்ல வேண்டும். இவ்வளவு நீளமாகச் சொன்னால் கேட்க மாட்டான்.

ஏப்ரல் 1

உயிர்ப்பு ஞாயிறு. அம்மா கோயில் வரை நடந்தே வந்தார்.

ஏப்ரல் 15, ஞாயிறு

கூட்டம். யாருடைய அனுமதியும் கேட்பதில்லை என்று முடிவு. எங்கள் கோயிலுக்குச் செபிக்கப் போகிறோம், போனால் திரும்புவதில்லை. திகதியை இங்கே எழுதவில்லை.

பெட்றோல் காசு பெரிய பிரச்சினை. ஒவ்வொரு வள்ளமும் தன் பங்கைப் போட வேண்டும். சமையலுக்கு அரிசி, பருப்பு, தேங்காய், தண்ணீர்க் கலன்கள். வெள்ளைத் துணி வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்த வெள்ளைச் சேலை அப்பாவின் அடக்கத்துக்கு உடுத்தது. கிழித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 19

அம்மா வரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அழவில்லை. சோற்றை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

ஏப்ரல் 22, ஞாயிறு

மூத்தவனிடம் பேசினேன். வருகிறாயா என்று கேட்டேன். வருவான். எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. பிறகு மனம் கேட்காமல் ஒன்று சொன்னேன்: யாராவது உன்னைத் தள்ளினால் உட்கார்ந்துவிடு, எழுந்து நிற்காதே. சிரித்தான். கடலில் எங்கே உட்காருவது என்றான்.

ஏப்ரல் 23, திங்கள்

தீவில் இருந்து எழுதுகிறேன்.

நாற்பது வள்ளங்கள் வரை. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கொடி. முன்னால் மாதா, குருமார். எங்கள் வள்ளத்தில் செபமாலையின் துயர மறையுண்மைகளைத் தொடங்கினோம். என்ஜின் சத்தத்தில் எதிர்ப்பாட்டு கேட்கவில்லை, எல்லோரும் வாயசைத்துக்கொண்டே இருந்தோம். கடற்படை எந்த இடத்தில் மறிக்கும் என்று ஒவ்வொருவர் ஒவ்வோர் இடத்தைச் சொன்னார்கள். நான் மூத்தவனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணியத்தில் கொடித்தடியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். இரண்டு கையும் வேலையாக இருக்கிறது என்று நன்றி சொன்னேன்.

கரை ஏறினோம். யாரும் ஓடவில்லை. நேராகச் செபமாலை மாதா கோயில். கோயில் நிற்கிறது. வீடுகள் பெரும்பாலும் சுவர்கள்தான், உள்ளே மரம் முளைத்திருக்கிறது. எங்கள் வீட்டைத் தேடி அரை மணி நேரம் அலைந்தேன். குசினியின் சீமெந்துத் திட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

செபம் முடிந்தது. இனி எங்கள் ஊரில்தான் இருப்போம் என்று வந்த அதிகாரிகளிடம் பெரியவர்கள் சொன்னார்கள். சத்தம் போடவில்லை. காணி உறுதிகளைப் பொலித்தீன் பையில் இருந்து எடுத்துக் காட்டினார்கள். செபிக்க வந்தவர்களை என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் பழக்கம் இல்லை என்று தோன்றியது. மூத்தவன் மார்ச்சில் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று அவனைத் தேடினேன். அவன் கோயில் முற்றத்தில் முட்புதர் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 24

மாடுகள்! எண்ண முடியவில்லை. செவலையும் இருக்கிறது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், சிக்னல் பாதியில் போய்விட்டது.

ஏப்ரல் 27

பாம்பு. இரவில் எல்லோரும் கோயிலுக்குள்ளேயே படுக்கிறோம்.

ஏப்ரல் 29, ஞாயிறு

வெசாக், பௌத்தர்களின் பெருநாள். முகாமில் வெளிச்சக் கூடுகள் கட்டியிருந்தார்கள். நல்ல வெளிச்சம், பிள்ளைகள் தூர நின்று பார்த்தார்கள். போகட்டுமா என்று சின்னவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே இன்னும் தெளிவில்லை.

மே 6

தண்ணீர் குறைகிறது. கிணற்றுத் தண்ணீர் சமையலுக்கு ஆகாது, முதலில் இறைக்க வேண்டும். ஆண்கள் இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள், அதுவும் தண்ணீருக்காகத்தான். சலிப்பாக இருக்கிறது. திரும்பிப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எல்லோரும் மற்றவர் முகத்தைப் பார்க்கிறோம்.

மே 15, செவ்வாய்

கொழும்பில் இருந்து அதிகாரிகள் வந்தார்கள். நாங்கள் இங்கே இருக்கலாம் என்றார்கள். கிழவிகள் அழுதார்கள், நானும். முகாம் இருக்கும். அது எங்களோடு இந்தத் தீவில் இருக்கும்வரை இது பாதி வேலை. பாதி என்று சொல்ல இன்று யாருக்கும் மனம் வராது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 18, வெள்ளி

முள்ளிவாய்க்கால் நாள். கோயிலில் மெழுகுதிரி. தம்பியின் பெயரைச் சொல்லிச் செபிக்கும்போது இறந்தோர் வரிசையிலா, உயிரோடு இருப்போர் வரிசையிலா என்று குருவானவர் கேட்டார். இரண்டிலும் என்றேன். அப்படியே வாசித்தார்.

மே 20, ஞாயிறு

கிணறு இறைக்கச் சங்கத்தில் மோட்டார் தருகிறார்கள், டீசல் நாங்கள் வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் பற்றிக் கேட்க நாளை பூநகரிப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். பெண்கள் நான்கு பேராவது வர வேண்டும் என்றேன், இதுவரை இருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எந்த வள்ளத்தில் இடம் என்று