கல்லூரிக்கு உதவித்தொகை வைக்க நாங்கள் பட்ட பாடு

எங்கள் 1998 பி.காம். செட் சேர்ந்து, மதுரையில் நாங்கள் படித்த கல்லூரியில் ஒரு அறக்கட்டளை வைக்கலாம் என்று 2023இல் முடிவெடுத்தோம். டெபாசிட் வட்டியில் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டுவது திட்டம். வாட்ஸ்அப்பில் கேட்டதுமே ஆளாளுக்குத் தருகிறேன் என்றார்கள். "தனியாள் கணக்குல வாங்காதீங்க, சங்கமாப் பதிவு பண்ணுங்க" என்றார் ஆடிட்டர். அங்கே தொடங்கியது அலைச்சல்.

1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஏழு பேரையும் மதுரைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளுங்கள். மேலூர், திருமங்கலம் என்றாலும் பரவாயில்லை. துபாயில் இருக்கிறவரைப் பொருளாளர் ஆக்கினால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவர் லீவில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் விரலை ஈரப் பஞ்சில் தொட்டுத் தொட்டு துணைவிதியைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "சங்கத்துப் பேர்ல காலேஜ் பேர் வருதே, நிர்வாகத்தோட சம்மதக் கடிதம் எங்க சார்?" முதல் நாள் அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. அன்றைக்குக் கடை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்த நண்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்லூரியில் முதல்வர் உடனே சரி என்றார். ஆபீஸில்தான் ஃபைல் படுத்துவிட்டது. "கமிட்டியில வைக்கணும்" என்பதே ஒவ்வொரு முறையும் பதில். கொடுக்கப் போகிறவனையே கையேந்துகிறவன் மாதிரி பெஞ்சில் உட்கார வைத்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் எங்கள் பழைய பேராசிரியர் ஐயா ஒரு யோசனை சொன்னார்: "காலேஜுக்குத் தரம் போடுற நாக் மதிப்பீட்டுல முன்னாள் மாணவர் பங்களிப்புக்கும் மார்க் இருக்குப்பா, அதைச் சொல்லிக் கேளு." சொன்னேன். கடிதம் தயாரானது. வாங்கியதும் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, முத்திரை மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். எங்கள் கடிதத்தில் ந.க. எண் விடுபட்டு, அதற்காக மறுபடி கோரிப்பாளையம் டிராஃபிக்கில் நின்றோம்.

பதிவுச் சான்றிதழ், பான், வங்கிக் கணக்கு, நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க வேண்டிய 80ஜி அனுமதி எல்லாம் அதன்பின் சிக்கலில்லாமல் முடிந்தன. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது என்பதை மட்டும் நன்கொடையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மனசு கஷ்டப்பட்டது சிங்கப்பூர் நண்பன் விஷயத்தில். பெரிய தொகை தருவதாக இருந்தான். ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான். வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் அனுமதி இல்லாமல் அவன் பணத்தில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பொதுவாக 3 வருடமாவது இயங்கிய சங்கத்துக்குத்தான் அந்தப் பதிவு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும், தன் சம்பாத்தியத்திலிருந்து தாராளமாகத் தரலாம். "நானும் அங்க படிச்சவன்தானடா மாப்ள" என்றபோது அவன் குரல் கம்மிவிட்டது. இப்போது சனிக்கிழமைதோறும் ஜூமில் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுக்கிறான். அவன் வகுப்புக்கு நல்ல கூட்டம். வெளிநாட்டு நண்பர்களிடம் பணம் பேசுமுன் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டுவிடுங்கள்.

போன நவம்பர் செமஸ்டருக்கு முதல் தவணை கட்டினோம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பெண்ணும் அந்தப் பட்டியலில் உண்டு. அபராதம் விழாமல், கடைசித் தேதிக்கு முன்பே கட்டியாகிவிட்டது.