இரண்டு சைலன்சர் பென்லியில் பருத்தித்துறைக்கு

கைதடியில் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவரின் வளவில், மாட்டுக் கொட்டிலை ஒட்டிய தகரப் பத்திக்குள் அது நின்றது. மேலே இரண்டு உரப்பை, அதற்கும் மேல் ஒரு பழைய சாறம். மாஸ்ரர் சாறத்தை இழுத்ததும் முதலில் தெரிந்தவை பெற்றோல் தாங்கியின் இரு பக்கமும் இருந்த கறுப்பு இறப்பர்ப் பட்டைகள். முழங்கால் பட்டுப் பட்டு அவை பளபளத்துப் போயிருந்தன. பிறகு, செயினை முழுதாக மூடிய தகரப் பெட்டி. அதற்குப் பிறகுதான் நான் தேடி வந்த அடையாளம்: இந்தப் பக்கம் ஒரு சைலன்சர், அந்தப் பக்கம் ஒரு சைலன்சர். ஹொண்டா சீடி 125 பென்லி மோட்டார் சைக்கிள்.

"ஓடப்போறீரோ, வெட்டப்போறீரோ?" இதுதான் மாஸ்ரர் கேட்ட முதல் கேள்வி.

பழைய வண்டிகளை வாங்கி, பின் சட்டத்தை அறுத்து, சீற்றைத் தட்டையாக்கி, சைலன்சரைக் குட்டையாக்கி ஓடுவதில் இளம் பெடியளுக்கு இப்போது ஒரு விருப்பம். அப்படிக் கேட்டு வந்த இரண்டு பேரை அவர் படலையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். "ஓடத்தான் சேர்" என்றேன். "அப்ப உள்ளுக்கு வாரும், தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்" என்றார்.

இந்த வண்டி என் மனதில் ஏறியது 2022 இல், பெற்றோல் வரிசையில். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கியூஆர் முறையில் தந்த காலம் அது. எனக்கு முன்னால் ஒரு முதியவர் நின்றார். அடித்து முடித்து, மூடியைத் திருகி, காலால் ஒருமுறை மிதித்தார். அவ்வளவுதான், பற்றிவிட்டது. சுற்றிவர நின்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் எல்லாம் டக் டக் என்று தட்டிக்கொண்டிருக்க, இது மட்டும் தையல் மெசின் போல ஒரே இழையாக ஓடியது. அவர் பெற்றோல் செட்டை விட்டு வெளியேறி வளைவில் மறையும் வரைக்கும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன்.

பென்லி என்ற பெயர், வசதி என்று பொருள்படும் 'பென்ரி' என்ற ஜப்பானியச் சொல்லில் இருந்து வந்தது. ஹொண்டா அந்தப் பெயரை 1953 இலேயே ஒரு வண்டிக்கு வைத்துவிட்டது. சீடி 125 அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த வேலை வண்டி. வேலைக்குப் போகவும் சாமான் ஏற்றவும் செய்த இந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு வியப்பு. ஒவ்வொரு சிலிண்டரும் 44 மில்லிமீற்றர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 41 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு 62 சீசீ. ஒரு சின்னப் பிளேன்ரீ கிளாசுக்குள் அடங்கிவிடும். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், ஆனால் வெடிப்பு மாறி மாறி வரும். ஒரு சுற்றுக்கு இடம், அடுத்த சுற்றுக்கு வலம். ஒற்றைச் சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை விழும் பெரிய அடி, இங்கே சுற்றுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அடியாகப் பிரிந்து விழுகிறது. அந்தச் சத்தத்தின் இரகசியம் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் இதைப் பெரிதாக யாரும் கணக்கெடுப்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பாவித்த பல்சர், எஃப்சீ மோட்டார் சைக்கிள்களுக்கு விலை ஏறிக்கொண்டே போனபோதுகூட, பென்லி கொட்டில்களுக்குள் சாறம் போர்த்திக்கொண்டு கிடந்தது. கேட்டால், "125 தானே, நாலு கியர்தானே, டிஸ்க் பிரேக்கும் இல்லை" என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சுன்னாகத்துக்கும் மானிப்பாய்க்கும் இடையில், இரண்டு மதிலுக்கு நடுவே, எதிரில் ஒரு மாட்டு வண்டியும் பின்னால் ஒரு மினிபஸ்சும் வரும் ஒழுங்கையில் ஆறு கியரை வைத்து என்ன செய்வது?

சரி, மாஸ்ரரிடம் வருகிறேன். இரண்டரை லட்சம் கேட்டார். நான் இரண்டு சொன்னேன். இரண்டு இருபதில் நின்றோம். வண்டியின் பதிவுப் புத்தகம் அவருடைய பெயரிலேயே இருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: வண்டியைப் பார்க்கும் முன் புத்தகத்தைப் பாருங்கள். நாலு கை மாறியும் யாரும் பெயர் மாற்றாமல் விட்ட வண்டி, முதல் சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தலையிடிதான். ஹாண்டில் கழுத்தடியில் சேசிஸ் நம்பரைக் கம்பி பிரஷால் தேய்த்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். இஞ்சின் நம்பரும் சரி.

காசை எண்ணி வாங்கிக்கொண்டே அவர் சொன்ன கதையை எழுதாமல் விட முடியாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போன அந்த இரவில், இந்த வண்டியும் நாவற்குழிப் பாலம் கடந்தது. "இஞ்சின் போடேல்லைத் தம்பி. போட இடம் இருந்தாத்தானே? அம்மாவைச் சீற்றில இருத்தி, ரெண்டு பையை ஹாண்டில்ல கொழுவி, விடிய விடியத் தள்ளினனான். மழை வேற." தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த ஊர்தான் கைதடி. பிறகு அங்கேயே இருந்துவிட்டார்.

சுன்னாகத்தில் என் வழக்கமான கராஜில் கொண்டுபோய் விட்டேன். அங்குள்ள அண்ணை இஞ்சின் தலையைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வால்வைச் சுற்றிக் கரி கல்லாக இறுகிக் கிடந்தது. "இது மண்ணெண்ணெய் குடிச்ச வண்டி" என்றார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் சொட்டுக் கணக்கில் கிடைத்தபோது, யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்குத் தெரியும். எப்படி ஓடியது என்பதை அண்ணை அன்று விளங்கப்படுத்தினார். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பற்றாது. எனவே கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைக் கடந்து கீழே இறங்கி, இஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும், அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு. அத்தனையையும் தாங்கிய இஞ்சின் இது. கரியைச் சுரண்டி, வால்வை உரசி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து ரிங் செற் எடுப்பித்துப் பூட்டினோம். பிளக்குகளை மட்டும் பிறகு மாற்றலாம் என்று பழையதையே விட்டேன்.

புகைப் பரிசோதனை முடித்து, வரிப்பத்திரம் எடுத்த அடுத்த சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் திருநெல்வேலியில் இருந்து வெளிக்கிட்டேன். பருத்தித்துறை வீதி, ஒரு பக்கம் முப்பது கிலோமீற்றர் சொச்சம். மாசிப் பனி இருபாலையிலேயே முகத்தில் அடித்தது. கோப்பாய் தாண்டியதும் இரு பக்கமும் செம்மண். தோட்டங்களுக்குத் தண்ணீர் பம்பிகள் ஓடத் தொடங்கியிருந்தன. நீர்வேலியில் வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். நாலாவது கியரில் 45 இல் போய்க்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் இந்த வண்டிக்கு எந்தச் சிரமமும் இல்லை. கண்ணாடி நடுங்கவில்லை, பின்னால் வருகிறவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. பிரேக் இரண்டும் ட்ரம், ஆகவே முன்னால் போகும் பஸ்சுக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு இடைவெளி விட்டேன். அப்படி இடைவெளி விட்டுப் போகையில்தான், எத்தனையோ வருடமாக ஓடித் திரிந்த வீதியில் இத்தனை மடங்களும் கேணிகளும் இருப்பது கண்ணில் பட்டது.

புத்தூர், ஆவரங்கால் கடந்து வல்லை வெளிக்குள் இறங்கினேன். அங்கே ஒரு மரத்தின் மறைப்பும் இல்லை, உப்பு நிலமும் தண்ணீரும்தான். காற்று பக்கவாட்டில் தள்ளும். நடு வெளியில் சத்தம் மாறியது. இழை அறுந்து, பட்... பட்... என்று பாதிச் சத்தம். இழுவையும் பாதி. முனியப்பர் கோயிலடி வரை முக்கி முனகி வந்து நிறுத்தினேன்.

இஞ்சினை ஓடவிட்டபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த ஒரு ஐயா காலை ஊன்றி நின்றார். பின் கரியரில் ஒரு கடகம், அதற்குள் கீரைப்பிடிகள்.

"உது ரெண்டு சிலிண்டர்க் கொண்டாவெல்லே?"

"ஓம் ஐயா."

"ரெண்டு குழாயிலையும் தண்ணியைத் தெளியும். எது சீறேல்லையோ அந்தப் பக்கம் செத்துப்போச்சு."

கீரைக்குத் தெளிக்க வைத்திருந்த போத்தலை அவரே நீட்டினார். கையில் ஊற்றி, வலப்பக்கக் குழாயில், இஞ்சினை விட்டு இறங்கும் வளைவில் தெளித்தேன். சுரீர் என்று ஆவி பறந்தது. இடப்பக்கத்தில் தெளித்த தண்ணீர் உருண்டு மெல்ல வழிந்து நிலத்தில் விழுந்தது. ஆற அமரத் தொடக்கூடிய அளவு சூடுதான். ஐயா தலையை ஆட்டிவிட்டு மிதித்துப் போய்விட்டார், நெல்லியடிச் சந்தைக்கு நேரமாகிறது என்று.

இடப்பக்கப் பிளக்கைக் கழற்றினேன். முனை ஒயிலில் ஊறிக் கறுத்திருந்தது. சேட்டு நுனியில் துடைத்து, பையில் கிடந்த அரத்தாளால் நுனியை உரசி, கோயிலில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த லொறிக்காரரிடம் லைற்றரை வாங்கிச் சூடுகாட்டிப் பூட்டினேன். ஒரு மிதி. இரண்டு பக்கமும் சேர்ந்து பாடியது. அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோசத்தைப் புது வண்டி எதுவும் தந்ததில்லை. பழுதை என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன், என் கையாலேயே சரியாக்கினேன். நானும் முனியப்பருக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

நெல்லியடி, மந்திகை வழியே பருத்தித்துறைக்கு வந்ததும் நேராகக் கடற்கரைக்குப் போகவில்லை. தும்பளை வீதிக்குத் திரும்பினேன். தெருமூடி மடம் என்று சொல்வதன் பொருள் அங்கே போனால்தான் விளங்கும். நடந்து வருகிறவர்கள் களைப்பாறவென்று தெருவுக்கு மேலாகவே கூரை போட்டு, இரு பக்கமும் கல்லால் திண்ணை கட்டியிருக்கிறார்கள். வீதி அதற்குள்ளாலேயே போகிறது. முதலாம் கியரில் மெல்ல உள்ளே விட்டேன். வெளியில் காற்றோடு போய்க்கொண்டிருந்த சத்தம் திடீரென்று இரு பக்கக் கல்லிலும் பட்டுத் திரும்பி என்னைச் சூழ்ந்தது. இடச் சைலன்சர் இடத் திண்ணையோடும், வலச் சைலன்சர் வலத் திண்ணையோடும் பேசுவதுபோல. சில நொடிதான், அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டேன். திண்ணையில் இருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய காலை நேரத்தைக் குழப்பக்கூடாது என்று திரும்பி வரும்போது இஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சக்கோட்டை முனையில் ஒரு பிளேன்ரீ, இரண்டு பருத்தித்துறை வடை. கட்டுமரம் கரை சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போது கடற்கரை வீதியால் வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் மத்தியானச் சாப்பாடு. அன்னதானக் கந்தனின் வாசலில் பசியோடு யாரும் திரும்புவதில்லை. வீட்டுக்கு வந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். எங்கள் கடற்காற்றில் உள்ள உப்பு ஒரு கிழமையில் போல்ற் நட்டைத் தின்றுவிடும். இப்போதும் தீவுப் பக்கமோ வடமராட்சிப் பக்கமோ போய்வந்தால் அன்றே கழுவிவிடுகிறேன்.

கோப்பாய்க்கு வந்தபோது பின்னேரம் நாலு மணி. நேரே போனால் வீடு. இடப்பக்கம் திரும்பினால் கைதடி. திரும்பினேன்.

படலைக்குப் போய்ச் சேரும் முன்னமே மாஸ்ரர் வெளியே வந்து நின்றார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நான் நிறுத்த முன், "நிப்பாட்டாதையும்" என்று கையைக் காட்டி, தலையைச் சரித்துக் கேட்டார்.

"இடப்பக்கம் கொஞ்சம் அமந்து கிடக்கு. பிளக் ரெண்டையும் மாத்தும்."

வல்லை வெளியில் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கண் வண்டியிலேயே இருந்தது. நான் இறங்கி ஹாண்டிலை அவர் பக்கம் திருப்பினேன். சாறத்தை மடித்துக் கட்டினார், ஏறினார், முழங்கால் இரண்டும் அந்த இறப்பர்ப் பட்டையில் போய்ச் சரியாகப் பொருந்தின. ஒன்றும் சொல்லாமல் கியரைப் போட்டுப் போய்விட்டார்.

அவருடைய மனைவி குசினியில் இருந்து ஓடி வந்தார். "இந்த மனுசன் எங்கை தம்பி போட்டார்?"

"தெரியேல்லை அன்ரி."

இருவரும் படலையடியில் நின்றோம். கோப்பாய்ப் பாலம் இருக்கும் பக்கமாகச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் கியர், பிறகு நாலு.