ஏலகிரி ஏறும் பழைய செவர்லேவுக்கு எந்தப் புகைக்குழாய்?

எங்கள் வீட்டில் உள்ள 1954-ஆம் ஆண்டுச் செவர்லே பிக்கப்பின் என்ஜினைக் காட்பாடியில் ஒரு பட்டறையில் போர் அடித்து (சிலிண்டர்களைக் குடைந்து அகலப்படுத்தி), 0.040 அங்குலம் கூடுதல் அளவுள்ள பிஸ்டன்களைப் போட்டு, ஹெட்டை லேசாகச் சீவி, கேம் ஷாஃப்டையும் சற்று மாற்றிச் சாணை பிடித்து முடித்தபோது, புகை வெளியேறும் பாதை ஒன்றுதான் பாக்கியிருந்தது. ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். நான்கு மாதங்கள் ஆயின.

இது 235 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். பந்தயத்துக்குப் போகும் வண்டி அல்ல. குடியாத்தத்திலிருந்து நான்கைந்து வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றி வரும், வருடத்தில் இரண்டு முறை குடும்பத்தோடு ஏலகிரிக்கு ஏறும், அவ்வளவே. அதன் வேலையெல்லாம் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,800 சுற்றுக்குள் முடிந்துவிடுகிறது. ஆயினும் முதலில் என் ஆசை, ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்கும் தனி எஃகுக் குழாய் வைக்கும் ஹெடரின் மீதுதான் இருந்தது. பளபளப்பான அந்த வளைவுகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஆசையை அடக்கியது எங்கள் ஊர் வெயில். இந்த என்ஜினில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், ஆறு சிலிண்டர்களின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் வார்ப்பிரும்புப் புகை மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நிறுத்தினாலே கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து, வண்டி மீண்டும் கிளம்ப மறுக்கும். மெல்லிய எஃகுக் குழாய்கள் கனமான வார்ப்பிரும்பைவிட அதிக வெப்பத்தை பானட்டுக்குள் வீசும். மேலும் ஒரே ஒரு ஒற்றைக் குழல் கார்புரேட்டர் காற்று கொடுக்கும் என்ஜினில், அந்தச் சுழல் வேகத்துக்குள் ஹெடர் தரும் பலன், அதற்காகப் படும் பாட்டுக்கு ஈடாகாது. ஹெட்டோடு இணைக்கும் தகடான ஃப்ளேஞ்சை மெல்லியதாக வைத்துப் பற்றவைத்தால், சில மாதங்களில் அது வளைந்து, கேஸ்கெட் வழியே புகை ஊதத் தொடங்கும் என்பது தனிக்கதை.

விடை, சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசையில் இருந்தது. இந்த என்ஜின் 1-5-3-6-2-4 என்று எரிகிறது. அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 1, 3, 2 என முன்பக்க மூன்று சிலிண்டர்களும், 5, 6, 4 எனப் பின்பக்க மூன்றும் தனித்தனியே பிரிகின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் 240 டிகிரிக்கு ஒரு முறை சீராகப் புகை வருகிறது. ஆகவே மேனிஃபோல்டை நடுவில் தடுத்து இரண்டாக்கினால், ஒரு சிலிண்டர் தள்ளும் புகை, அதற்கு அடுத்து எரியும் சிலிண்டரின் பாதையில் போய் மோதாது. நான்கு சிலிண்டர் என்ஜினை முன் இரண்டு, பின் இரண்டு என்று பிரித்தால் இந்தச் சீர் கிடைக்காது. வரிசை ஆறுக்கு வாய்த்த பாக்கியம் இது.

குழாயின் விட்டத்துக்குக் கணக்கு எளிது. ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய்கள் இரண்டின் மொத்தப் பரப்பு சுமார் 4.8 சதுர அங்குலம். இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றின் பரப்பும் கிட்டத்தட்ட அதுவே. “பேக் பிரஷர் கொஞ்சம் இருந்தால்தான் இழுக்கும் தம்பி” என்று, புகையைத் தடுக்கும் எதிரழுத்தத்தைப் பற்றிப் பட்டறையில் ஒவ்வொருவரும் சொன்னார்கள். தேவைப்படுவது அழுத்தம் அல்ல, புகையின் வேகம். அளவுக்கு மீறிப் பெருத்த குழாயில் அந்த வேகம் செத்துவிடுவதால்தான் அவர்களுக்கு அப்படித் தோன்றுகிறது.

அசல் மேனிஃபோல்டைத் தொடவில்லை. 50 ஆண்டு கடந்த பழம் வண்டிகளைத் தனி வரிசையில் பதிய 2021-இல் வந்த விதித்திருத்தம், என்ஜினிலும் சேசிஸிலும் பெரிய மாற்றம் செய்யாதவற்றையே ஏற்கிறது என்பதால், அதைக் கோணிப்பையில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் கிடைத்த இன்னொன்றை அறுத்தோம். நடுவில் தடுப்புத் தகடு வைத்து, பழைய வாயைப் பின் மூன்றுக்கு விட்டு, முன் மூன்றுக்குப் புதிய வாய் பற்றவைத்தோம். முதலில் கொடுத்த இடத்தில் சூடாக்காமலே வெல்டிங் அடித்ததால் ஆறும்போதே விரிசல் விட்டது. இரண்டாவது பட்டறையில் உலையில் நன்றாகச் சுடவைத்து, நிக்கல் ராடால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, இரவு முழுவதும் சாம்பலில் புதைத்து ஆறவைத்தார்கள். பிறகு கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குள் கலவையைக் கொண்டுபோகும் உள்வாங்கு மேனிஃபோல்டோடு சேர்த்துப் பூட்டி, இரண்டையும் ஒரே முகமாகச் சீவினோம். பொருத்தும்போதும் அவற்றை இணைக்கும் நடு போல்ட்டுகளைத் தளர்வாகவே வைத்து, ஹெட்டில் இறுக்கிய பிறகே அவற்றை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எங்காவது ஒரு வாய் நிச்சயம் ஊதும்.

குளிரில் புகையின் சூட்டைக் கார்புரேட்டரின் அடிப்பக்கம் திருப்பிவிடும் வெப்பக் கதவு துருவேறி மூடிய நிலையிலேயே நின்றிருந்தது. அதைத் திறந்த நிலையில் ஒரு புள்ளி வெல்டிங்கால் நிறுத்திவிட்டேன். மார்கழிக் காலையில் இரண்டு நிமிடம் சோக் இழுக்க வேண்டியிருக்கிறது. மே மாதக் கொதிப்போடு ஒப்பிட்டால் அது ஒரு தொல்லையே இல்லை.

இரண்டு குழாய்களுக்கும் தனித்தனிச் சைலன்சர் வைத்து, பெட்ரோல் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்கு மேல் விலக்கி, இரண்டின் வாயும் பின்பக்கம் திறக்குமாறு அமைத்தோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், பிற்காலத்து வண்டிகள் புகையை இடப்புறம் விடக் கூடாது என்கின்றன. பழைய வண்டியாயினும் இடப்புறம் நடந்து போகிறவர் முகத்தில் ஊதுவானேன்?

ஓட்டிப் பார்த்தபின் பிளக்குகள் வெளுத்திருந்தன; பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கியதும் வெளிர்பழுப்புக்கு வந்தன. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், முன்பு முதல் கியருக்கு இறங்கிய இடங்கள் பலவற்றை இப்போது இரண்டாவதிலேயே கடக்கிறது. 1,900 சுற்றுக்கு அருகில் மட்டும் கேபினுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கிறது. சைலன்சர் தொங்கும் ரப்பர்களை மாற்றியும் அது போகவில்லை. அடுத்து இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஓர் இணைப்புக் குழாய் வைத்துப் பார்க்கப் போகிறேன்.