ரீட்மீ எழுதப் பழகுபவர்களுக்கு: உங்கள் மெஷினை நம்பாதீர்கள்

உங்கள் ப்ராஜெக்டைத் திறப்பவர் வைவா நடத்தும் தேர்வாளராகவோ வேலைக்கு ஆள் எடுப்பவராகவோ இருக்கலாம், உங்களோடு சேர்ந்து நிரல் எழுத வந்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது ரீட்மீதான், அதாவது நிரலோடு சேர்த்து வைக்கும் அறிமுகக் கோப்பு. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கோப்புப் பட்டியலுக்குக் கீழே தானாக விரிந்து நிற்பது அதுதான். அதைப் படித்தும் அவரால் நிரலை ஓட வைக்க முடியவில்லை என்றால், உள்ளே இருக்கும் உழைப்பு அவர் கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

பெரும்பாலான ரீட்மீகள் தோற்பதற்கு மொழிநடை காரணமில்லை. எழுதியவருடைய கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. எப்போதோ நிறுவிய லைப்ரரி, ஷெல் (டெர்மினலில் தரும் கட்டளைகளை நிறைவேற்றும் நிரல்) அமைப்பில் போட்டு மறந்த ஒரு மாறி, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் என்று பலதும் சத்தமில்லாமல் உதவுகின்றன. அதனால் அவருக்கு மூன்று கட்டளைகள் போதும். படிப்பவருக்கு எட்டு தேவைப்படும். விடுபட்ட ஐந்தும் எவை என்று எழுதியவருக்கே தெரியாது.

இதற்கு ஒரே மருந்து, வெறும் மெஷினில் செய்து பார்த்தபடியே எழுதுவது. டாக்கர் என்ற கருவியில், டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸின் அடிப்படை இமேஜில் (அச்சுப் பிரதியில்) ஒரு கன்டெய்னரை, அதாவது தனித்து ஓடும் சூழலைத் திறந்து, ரீட்மீயில் உள்ளதை மட்டும் வரிவரியாகச் செய்யுங்கள். அந்த இமேஜில் நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்கூட இருக்காது, பைத்தானும் இருக்காது. தடுக்கும் ஒவ்வொரு இடமும் நீங்கள் எழுத வேண்டிய ஒரு வரி. டாக்கர் பழக்கமில்லை என்றால் விர்ச்சுவல் மெஷின் போதும். அதே கணினியில் புது யூசர் கணக்கு திறப்பது அரைச் சோதனைதான். உங்கள் சொந்த அமைப்புகள் விலகும், ஆனால் கணினி முழுமைக்கும் நிறுவியவை அப்படியே இருக்கும். இன்னொன்று: ப்ராஜெக்ட் ஃபோல்டரை நகலெடுத்துப் போய்ச் சோதிக்காதீர்கள். கிட் தவிர்க்கச் சொன்ன கோப்புகளும் கூடவே போய்விடும், சோதனை பொய்யாகத் தேறிவிடும். ரெப்போவிலிருந்து (கிட் பதிவுகளோடு ப்ராஜெக்ட் இருக்கும் இடத்திலிருந்து) புதிதாக க்ளோன் செய்யுங்கள், அதாவது நகல் இறக்குங்கள்.

ரீட்மீயின் முதல் இரண்டு வரிகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். “இது நவீனமான, வேகமான டாக்குமென்ட் தீர்வு” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. “பிடிஎஃப் கோப்பில் உள்ள அட்டவணைகளை சிஎஸ்வி கோப்பாக மாற்றித் தரும் டெர்மினல் கருவி. ஸ்கேன் செய்த பக்கங்களைப் படிக்காது” என்று எழுதிப் பாருங்கள். உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, எது முடியாது என்று மூன்றும் வந்துவிட்டன. முடியாததைச் சொல்லத் தயங்க வேண்டாம். தவறான எதிர்பார்ப்போடு வருபவரின் அரை நாளை அந்த ஒரு வரி மிச்சப்படுத்துகிறது. உடனே கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ மாதிரி வெளியீடோ போடுங்கள். மதிப்பீட்டு நேரத்தில் நிரல் ஓடாவிட்டால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தேவைகளை எண்ணோடு எழுதுங்கள். “லேட்டஸ்ட் பைத்தான்” என்பது அடுத்த வருடம் வேறொன்றைக் குறிக்கும். நிரலில் மேட்ச் கூற்று இருந்தால் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும், 3.9-இல் சின்டாக்ஸ் எர்ரர் வரும். இப்படிக் காரணத்தையும் அரை வரியில் சொன்னால், பழைய பதிப்பு வைத்திருப்பவர் முயன்று பார்த்து நேரத்தை இழக்க மாட்டார்.

நிறுவும் பகுதியில் பைத்தான் ப்ராஜெக்டுகள் இப்போது அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், சிஸ்டம் பைத்தானில் நேரடியாக பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) மூலம் நிறுவ முயன்றால் மறுப்புச் செய்திதான் வரும். எனவே விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ப்ராஜெக்டுக்கென்று தனி பைத்தான் சூழல்) உருவாக்கும் படி கட்டாயம் இருக்க வேண்டும். அதை உருவாக்கும் வென்வ் பகுதியே டெபியன், உபுண்டு இரண்டிலும் தனித் தொகுப்பாக வருவதால், அதை நிறுவும் வரி அதற்கும் முன்னால் வர வேண்டும். விண்டோஸில் அந்த என்விரான்மென்ட்டை இயக்கும் கட்டளை வேறு, கோப்பு இருக்கும் ஃபோல்டரும் வேறு. விண்டோஸுக்கான கட்டளையையும் மற்றதையும் தனித்தனிப் பெட்டிகளில் கொடுங்கள். “விண்டோஸில் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவும்” என்று எழுதுவது கைவிடுவதற்குச் சமம்.

படிப்பவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய மாட்டார், காப்பி செய்து ஒட்டுவார். அதனால் வரித் தொடக்கத்தில் டாலர் குறி போடாதீர்கள். அதையும் சேர்த்து ஒட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் சொல்லும். வேர்ட் மாதிரியான எடிட்டரில் எழுதி எடுத்து வந்தால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்தவையாகவும், இரட்டைச் சிறுகோடு ஒற்றை நீளக்கோடாகவும் மாறியிருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஓடாது. படிப்பவர் நிரப்ப வேண்டிய இடத்தைக் கோண அடைப்புக்குள் போடுவதும் தொல்லை. ஷெல்லுக்கு அந்தக் குறி கோப்பிலிருந்து உள்ளீடு எடு என்று பொருள். அந்த இடத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி, எதை மாற்ற வேண்டும் என்று மேலே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு திரையில் என்ன வரும் என்பதையும் எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான். சில கட்டளைகள் வெற்றி பெற்றால் எதையும் காட்டாது. புதியவர் ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டுவார். சர்வரைத் தொடங்கும் கட்டளையில் நிலைமை தலைகீழ். டெர்மினல் திரும்பி வராது, தொங்கிவிட்டது என்று எண்ணி மூடிவிடுவார். “8000 போர்ட்டில் ஓடுவதாக ஒரு வரி வரும். இந்த விண்டோவை மூடாமல், அடுத்த கட்டளைக்கு வேறொன்றைத் திறக்கவும்” என்று எழுதினால் போதும்.

ரகசியச் சாவிகள் (கடவுச்சொல் போன்றவை) உள்ள என்வ் என்ற அமைப்புக் கோப்பை ரெப்போவில் ஏற்றாமல், போலி மதிப்புகளுடன் ஒரு மாதிரிக் கோப்பு வையுங்கள். அதை நகலெடுத்துப் பெயர் மாற்றும் கட்டளையும் படிகளில் இருக்கட்டும். உண்மைச் சாவி தவறி ஏறிவிட்டால், கோப்பை அழித்துப் புது கமிட் (மாற்றப் பதிவு) போடுவது உதவாது. பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். சாவியையே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும்.

வழக்கமாக வரும் பிழைகள் மூன்று நான்கை, திரையில் தோன்றும் அதே வாசகத்தோடு எழுதித் தீர்வு சொல்லுங்கள். தேடுபவர் பிழைச் செய்தியைத்தான் ஒட்டித் தேடுவார். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பயன்படுத்தினால், அது வழக்கமாக எடுக்கும் 5432 போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருப்பது நிச்சயம் அந்தப் பட்டியலில் வரும். படங்கள் உங்கள் கணினியில் தெரிந்து கிட்ஹப்பில் தெரியாவிட்டால், கோப்புப் பெயரின் பெரிய, சிறிய எழுத்துகளைப் பாருங்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது, கிட்ஹப் பொருட்படுத்தும்.

எல்லா ஆப்ஷன்களின் பட்டியல், கட்டமைப்பு விளக்கம், வடிவமைப்புக் காரணங்கள் ஆகியவற்றைத் தனிக் கோப்புகளுக்கு மாற்றி இணைப்பு கொடுங்கள். முதல் முறை ஓட்டிப் பார்க்க வந்தவருக்கு அவை வழிமறிக்கும் சுவர். லைசென்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்; அது இல்லாத நிரல் பொதுவில் இருந்தாலும், அதைப் பயன்படுத்தவோ மாற்றவோ மற்றவர்களுக்கு உரிமை தந்ததாகாது.

“எளிதாக”, “சும்மா”, “அவ்வளவுதான்” போன்ற சொற்களைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அவை தன்மேல் சந்தேகத்தைத்தான் தரும்.

கடைசியாக, ப்ராஜெக்டைப் பார்த்திராத ஒருவரை உட்கார வைத்துப் பக்கத்தில் இருங்கள். வாய் திறக்காதீர்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். அவர் கேட்கும் கேள்விகளையும், எந்த வரியில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிலை அவரிடம் சொல்லாமல் ரீட்மீயில் எழுதி, அங்கிருந்து தொடரச் சொல்லுங்கள். அடுத்த முறை சோதிக்க வேறொருவர் வேண்டும். இவருக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது.