மயிலையும் செவலையும்: கோவையில் படம் பார்த்த இரண்டு நாள்

கோயம்புத்தூருக்கு இதற்கு முன்பு நாலைந்து தடவை போயிருக்கிறேன். எல்லாமே ஏதாவது கல்யாணத்துக்கு, இல்லையென்றால் ஊட்டிக்குப் போகிற வழியில். இந்தத் தடவைதான் புகைப்படக் கண்காட்சி பார்ப்பதற்கென்றே போனேன். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-ல் அன்றைக்குத்தான் தாகேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையை பிரான்சில் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டார்கள். அதையொட்டி நம் ஊர்களிலும் அங்கங்கே படங்களை மாட்டி வைப்பார்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன், இருந்தால் அடுத்தவர் எடுத்த படத்தை நிதானமாகப் பார்க்கக் கை விடாது.

திருச்சி வழியாக ராத்திரி முழுக்க பஸ், விடியும்போது சிங்காநல்லூர். எங்கள் ஊர்ப் பக்கம் ஆவணியில் புழுக்கம் போகாது, இங்கே இறங்கியதும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

முதல் நாள் முழுக்க அவிநாசி ரோடுதான். அந்த ரோட்டின் மேலே உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டருக்குப் பாலம் கட்டி ஜி.டி.நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். அவசரமாக விமான நிலையம் போகிறவர்களுக்கு நல்லது, ஆனால் படம் பார்க்க வருகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் ‘கீழேயே போங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பார்க்க வேண்டியதெல்லாம் கீழேதான் இருக்கிறது. கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இந்த ரோட்டில்தான். ஓவியம், புகைப்படம் என்று மாறி மாறி ஏதாவது ஒன்று நடக்கும். சீனிவாசன் சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை வளர்த்தெடுத்த முதல் இயக்குநர், அதனால் அங்கே ஜவுளிக்கென்று ஒரு அருங்காட்சியகமும் உண்டு. நூல் மில் ஊரில் படத்தையும் துணியையும் ஒரே கூரைக்கு அடியில் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஜி.டி.நாயுடு அருங்காட்சியகமும் அதே ரோடுதான். மோட்டார், சவரம் செய்கிற ரேசர் என்று அவர் செய்ததைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் கேமராக்காரரும்கூட. 1936-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை லண்டனில் நின்று ஃபிலிமில் பிடித்த ஆள். கலங்கல் கிராமத்தில் பிறந்த ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் கேமராவோடு நின்றதை யோசித்துக்கொண்டே வெகுநேரம் அங்கே சுற்றினேன்.

மறுநாள் டவுன்ஹால் பக்கம். வெரைட்டி ஹால் ரோட்டில் நடந்து போனேன். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கட்டிய தியேட்டரின் பெயர்தான் அந்த ரோட்டுக்கு. ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கிக்கொண்டு கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிவிட்டார். இப்போது நகைக்கடையும் பாத்திரக்கடையுமாக நெரிசல், நின்று பார்க்க இடமில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் உள்ளூர்ப் பையன்கள் சேர்ந்து படம் வைத்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் பூராவும் ஆனைமலைக் காட்டுப் படங்கள், நல்ல படங்கள். இந்த ஊருக்கு அது ஒரு பரம்பரை என்றே சொல்லலாம், கோவைக் காட்டுயிர்ப் படக்காரர் கே.ஜெயராமின் பெயரை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளை ஒன்றுக்கே வைத்திருக்கிறார்கள். ஒரு குறை. பளபளக்கிற கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததால் ஒவ்வொரு படத்திலும் டியூப் லைட் ஒரு கோடாக விழுந்தது. யானையின் கண்ணைப் பார்க்க நான் சுவரை ஒட்டிக் குனிய வேண்டியிருந்தது.

எதிர்ச் சுவரில் கருப்பு வெள்ளைப் படங்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் ஒற்றை வெள்வேல மரம், அதன் நிழலில் ஒரு பசுவும் கன்றும். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பேரனைக் கல்லூரியில் விட வந்தவராம். கீழே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, “ஏனுங் தம்பி, இதுல என்ன போட்டிருக்குதுங்க?” என்றார். படித்தேன். எல்லாம் இங்கிலீஷ். லென்ஸ் என்ன, ஷட்டர் வேகம் என்ன, காங்கேயம், பசு, கருப்புக் கன்று. அவ்வளவுதான்.

“கருப்பு இல்லீங்க, அது செவலை” என்றார்.

எனக்குப் படத்தில் கன்று கருப்பாகத்தான் தெரிந்தது. பசு வெளுப்பு, கன்று நல்ல இருட்டு. “பொறக்கயில செவலையாத்தான் இருக்கும். ஆறு மாசம் போச்சுன்னா மயிலை ஆயிருமுங்க. கன்னோட உயரத்தைப் பாருங்க, ரெண்டு மாசங்கூட ஆகலை.” மயிலை என்றால் சாம்பல் நிறம். பக்கத்துப் படத்தில் ஒரு காளை. அதன் திமிலிலும் முன்னங்காலுக்கு மேலும் மை தடவியது போல இருண்டிருந்ததை விரலால் காற்றிலேயே வரைந்து காட்டி, “இது பூச்சிக்காளை, காயடிச்சிருந்தா இந்தக் கருப்பு இருக்காதுங்க” என்றார். பொலிகாளையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

உம்பளச்சேரி என்கிற எங்கள் டெல்டா பக்கத்து மாட்டின் கன்றும் சிவப்பாகப் பிறந்து நிறம் மாறுகிறதுதான். சின்ன வயதில் தொழுவத்தில் பார்த்திருக்கிறேன், இருந்தும் படத்தில் எனக்குத் தெரியவில்லை. நிறத்தை எடுத்துவிட்டால் சிவப்பும் கருப்பும் ஒரே இருட்டாகிவிடுகிறது, அதைப் பிரித்துச் சொல்ல மாட்டோடு வாழ்ந்தவர் வேண்டியிருக்கிறது. உம்பளச்சேரியைப் பற்றி அவரிடம் சொன்னேன். “அது சேத்து மாடுங்க, எங்களுது மேட்டு மாடு” என்று உடனே சொன்னார். அப்புறம் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்குமா, கொம்பைத் தீய்ப்பீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

படம் எடுத்த பையன் அங்கேயே இருந்தான், கூட்டிக்கொண்டு வந்து பெரியவர் சொன்னதைச் சொன்னேன். கண்காட்சி வைக்கிற யாருக்கும் இதைச் சொல்வேன், சீட்டைத் தமிழில் எழுதுங்கள், ஷட்டர் வேகத்துக்கு முன்னால் மாட்டின் நிறத்தை எழுதுங்கள், படத்தில் இருக்கிற ஊரிலிருந்து நாலு பேரை அழைத்து வந்து நிறுத்துங்கள். அந்தப் பையன் அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டான். பெரியவர் சொல்லச் சொல்லப் போனில் பதிந்துகொண்டே இருந்தான். நடுவில் அவர் நிறுத்தி, “இந்தக் காளை யாரு ஊட்டுதுங்க?” என்றார். பையன் ஊர்ப் பெயரைச் சொன்னதும், “அட, நம்ம சம்பந்தி ஊருங்க” என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் வேலியை இன்னொரு தடவை பார்த்தார்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் கிளம்பும்போது அவர்கள் இரண்டு பேரும் அடுத்த படத்துக்குப் போயிருந்தார்கள்.