மவுன்ட் தெருக்காரர்

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று லிவர்பூல் கவிஞரும் ஓவியருமான ஏட்ரியன் ஹென்றியின் பிறந்தநாள். 1932இல், லிவர்பூலுக்கு எதிரே மெர்சி ஆற்றின் அக்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். தாத்தா மொரீஷியஸிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட கப்பல் தொழிலாளி. வளர்ந்தது வேல்ஸ் கடற்கரை ஊரான ரில்லில். நியூகாசிலில் ஓவியம் படித்தார். பாப் ஓவிய முன்னோடி ரிச்சர்ட் ஹாமில்டன் பாடம் நடத்திய இடம் அது. 1960களில் முதலில் மான்செஸ்டர், பிறகு லிவர்பூல் ஓவியக் கல்லூரியில் விரிவுரையாளர்.

நான் ஓவியம் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் என் கவிதை நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்றார். அதன்பின் பல வருடம் அந்த நோட்டைத் தொடவே இல்லை. ஹென்றியைப் படித்த பிறகுதான் மறுபடி திறந்தேன். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

பூங்கா முழுக்க டாஃபோடில், வசந்தத்தின் மஞ்சள் மலர். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹென்றியின் வழியைக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபோடில் கவிதையையும் டாஃப் என்ற டச்சுக் காரின் விளம்பரத் தாளையும் வெட்டிக் கலந்து ஒரு கவிதை செய்தவர் அவர். மலரின் பெயரும் காரின் பெயரும் உரசிக்கொள்ளும் இடத்தில் கவிதை பற்றிக்கொள்கிறது. ஓவியர்கள் படத்துண்டுகளை வெட்டி ஒட்டி கொலாஜ் செய்யும் அதே முறை. ஒட்டியது மட்டும் சொற்கள்.

பிள்ளைகளிடம் ஒரு பழைய பாட்டையும் கடை விளம்பரத் தாளையும் கொடுத்தேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 'நிலா' என்ற சொல்லை நகம் அளவுக்கு வெட்டி, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதன் பக்கத்தில் வைத்தாள். பசை தடவாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பேசாமல் நின்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

விரலில் இன்னும் பசை. நோட்டில் நான்கு வரி.

ஏப்ரல் 16, வியாழன்

இரவு முழுக்க ஹென்றியின் 'கிறிஸ்து லிவர்பூலுக்குள் நுழைதல், 1964' ஓவியத்தின் அச்சுப் படத்தோடு இருந்தேன். பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்சோர் 1888இல் கிறிஸ்துவை பிரஸ்ஸல்ஸ் ஊர்வலத்தில் நடக்கவிட்டார். ஹென்றி அவரைத் தன் ஊருக்கு அழைத்துவந்து, கூட்டத்தில் தன் நண்பர்களையும் தான் போற்றிய கலைஞர்களையும் நிறுத்தினார். அதே காட்சியைக் கவிதையாகவும் எழுதினார். அந்தக் கவிதையில் 'பிரிட்டனை வெள்ளையாகவே வைத்திருப்போம்' என்ற பதாகையும் வருகிறது. மொரீஷியஸ்காரரின் பேரன் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்து வைத்திருக்கிறார். கோபமாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

ரோஜர் மெக்காஃப், பிரையன் பேட்டன் ஆகிய லிவர்பூல் கவிஞர்களோடு சேர்ந்து 1967இல் அவர் கொண்டுவந்த 'மெர்சி சவுண்ட்' ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கவிதைத் தொகுப்பு! இசைக்குழு ஒன்றும் நடத்தினார். ஆனாலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை: 1972இல் லிவர்பூலின் ஜான் மூர்ஸ் ஓவியப் போட்டியில் அவருக்குப் பரிசு. வரைந்தது இறைச்சியை.

ஏப்ரல் 18, சனி

வகுப்பு முடிந்ததும் மவுன்ட் தெருவுக்கு நடந்தேன். அவர் வாழ்ந்த தெரு. ஹோப் தெருவில் இருந்த ஓவியக் கல்லூரிக்கு அங்கிருந்து ஒரு நிமிட நடை. பாடம் நடத்தியதும் வரைந்ததும் எழுதியதும் இந்தச் சரிவிலேயே.

பக்கவாதத்தில் விழுந்து, 2000 டிசம்பர் 20இல் இறந்தார். அதற்கு முந்தைய இரவுதான் நகராட்சி தன் மிக உயர்ந்த கௌரவத்தை அவருக்கு அளித்திருந்தது. ஓர் இரவு. அதையாவது முன்பே செய்திருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

தெரு முனையில் கான்கிரீட்டில் வார்த்த பயணப் பெட்டிகள், ஒரு சிற்பமாக, அடுக்கிக் கிடக்கும். மழைத் தண்ணீர் தேங்கியிருந்த ஒன்றைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பையில் அந்தச் சிறுமி கொடுத்த தாள் இருந்தது. நிலாவை அவள் ஒட்டிவிட்டாள். கொஞ்சம் சாய்வாக, விலைக்கு மேலே.