காசு வரும், கடிதம் வராது

2025 அக்டோபர் 1, புதன்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் கட்சிகள் புது ஒதுக்கீட்டில் உடன்படாததால், நேற்று நள்ளிரவோடு அரசுக்கு ஒதுக்கிய நிதி தீர்ந்து அரசு முடங்கியது. கொலம்பஸில் நான் வேலை பார்க்கும் அலுவலகம், உடம்பு முடியாமல் வேலையை விட்டவர்களுக்கு உதவித்தொகை மனு போட்டுத் தரும் இடம். காலையிலிருந்து போனில் ஒரே கேள்விதான்: "என் பணம் நின்றுவிடுமா?"

நிற்காது. வேலை பார்த்துவந்து உடம்பு முடியாமல் போனவர்களுக்கான எஸ்.எஸ்.டி.ஐ. உதவித்தொகை, சம்பளத்தில் பிடித்த வரி சேர்ந்த தனி நிதியிலிருந்து வருகிறது. வருமானம் மிகக் குறைந்த முதியோருக்கும் முடியாதவர்களுக்கும் தரும் எஸ்.எஸ்.ஐ.க்கு டிசம்பர் வரை முன்கூட்டியே ஒதுக்கியாகிவிட்டது. நின்றுபோனது, அந்தத் தொகையைக் கையாளும் ஊழியர்களின் சம்பளம். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் சுமார் 51,800 பேர். அதில் 6,200 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களைச் சம்பளமில்லாமல் வேலை செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 8, புதன்

புது மனு வாங்குகிறார்கள், மேல்முறையீடும் வாங்குகிறார்கள். உதவித்தொகை வருகிறது என்பதற்கான சான்றுக் கடிதம் மட்டும் கிளை அலுவலகத்தில் கிடையாதாம். நிறுத்திவைத்த சேவைகளில் அதுவும் ஒன்று.

இன்று அலுவலகத்துக்கு வந்த ஒரு அம்மாவுக்கு வேண்டியதே அந்தக் கடிதம்தான். வாடகைச் சலுகையைப் புதுப்பிக்க வீட்டு நிர்வாகம் கேட்கிறது. இணையத்தில் எடுக்கலாம், அதற்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு மின்னஞ்சல் வேண்டும். அவரிடம் இருப்பது பட்டன் போன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, அடையாளம் சரிபார்த்து, கடிதத்தை அச்செடுப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. தாளை வாங்கியதும் மாதம் 967 டாலர் என்ற வரியில் விரல் வைத்துப் பார்த்தார். இந்த உதவிக்கு ஆள் கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ!

அக்டோபர் 21, செவ்வாய்

எங்கள் மனுதாரர் ஒருவரின் மேல்முறையீட்டு விசாரணை நடந்தது. முடக்கத்திலும் விசாரணைகளை நிறுத்தவில்லை. அது பெரிய ஆறுதல். தள்ளிப்போயிருந்தால் ஒன்றரை வருடமாகக் காத்திருக்கும் இந்த லாரி ஓட்டுநர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

தொலைபேசி வழி விசாரணை. முதுகெலும்பில் இரண்டு அறுவை சிகிச்சை ஆனவர். நீதிபதி பொறுமையாகக் கேட்டார்: எவ்வளவு நேரம் நிற்க முடியும், படுக்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும். அப்புறம், மனுதாரர் எந்த வேலையாவது செய்ய முடியுமா என்று சொல்ல வரும் தொழில் வல்லுநரிடம், மாதம் இரண்டு நாளுக்கு மேல் வராமல் போகிற ஆளை எந்த முதலாளியாவது வைத்துக்கொள்வாரா என்றார். "மாட்டார்கள்" என்று பதில் வந்தது. எங்களுக்கு வேண்டியிருந்த வார்த்தை அதுதான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நீதிபதிக்கே சம்பளம் வரவில்லை. அவர் குரலில் அது துளியும் தெரியவில்லை. மனதார மதிக்கிறேன்.

புதிதாக மனு போட்டவர்கள் நிலைதான் கவலை. மருத்துவ ஆவணங்களைப் பார்த்து முதல் முடிவு சொல்வது மாநில ஊழியர்கள்; அவர்களுக்குப் பணம் வருவதோ மத்திய அரசிலிருந்து. முடக்கம் நீண்டால் அவர்களை வேலையில் வைத்திருப்பதா என்பது மாநிலத்தின் கையில்.

அக்டோபர் 24, வெள்ளி

15ஆம் தேதியே வரவேண்டிய, உதவித்தொகைக்கான அகவிலை உயர்வு இன்றுதான் அறிவிப்பானது: 2.8 சதவீதம். விலைவாசிக் கணக்கு போடுகிறவர்களும் வீட்டில் இருந்ததால் இந்தத் தாமதம். அதற்காகவே சிலரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

நவம்பர் 1 சனிக்கிழமை என்பதால் எஸ்.எஸ்.ஐ. இன்றே வந்துவிட்டது. ஆனால் நவம்பருக்கான உணவு உதவி வராது என்கிறார்கள். எங்களிடம் வருகிற பலருக்கு இரண்டும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். முடியாதவர்களின் சாப்பாட்டை வைத்துப் பேரம் பேசுவது கொடுமை. வேறு வார்த்தை இல்லை.

நவம்பர் 13, வியாழன்

நேற்று இரவு நிதி மசோதா கையெழுத்தாகி, 43 நாள் முடக்கம் முடிந்தது. இதுவரை இல்லாத நீளம். முன்பு 2018-19இல் 35 நாள், ஆனால் அப்போது சமூகப் பாதுகாப்புக்கு முன்பே நிதி ஒதுக்கியிருந்ததால் எங்களைத் தொடவில்லை.

உணவு உதவிக்கு 2026 செப்டம்பர் வரை பணம் உண்டு. சமூகப் பாதுகாப்பு அலுவலகச் செலவுக்கு ஜனவரி 30 வரைக்கும்தான். அதனால் இன்று முதல் எங்களிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் இணையக் கணக்குத் திறந்து, சான்றுக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.